உன் வயதில் அளந்த மூச்சு

தேவாலா
3.9.2024

சுகுணாவுக்கு, அண்ணி அம்சவேணி எழுதுவது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எஸ்டேட் லைன் வீட்டுச் சுவர் கூரை வரைக்கும் போகாது என்பது உனக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டில் கருப்புசாமி மேஸ்திரி புரண்டு படுத்தால்கூட எனக்குக் கேட்கிறது. நான் உன்னிடம் கேட்க வேண்டியது அவர் காதில் விழக் கூடாது. அதோடு போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குச் சண்டை வருகிறது, இல்லாவிட்டால் அழுகை வருகிறது. கேட்க நினைத்ததைக் கேட்க முடிவதில்லை.

கலைமதி போன பிறகு உன் பேரில் நான்தான் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போகிறேன். வேறு வழி இல்லை. நீ பனியன் கம்பெனிக்குப் போகும்போது, "என் பேரு மஸ்டர் நோட்டுல இருக்கிற வரைக்கும்தான் அண்ணி உங்களுக்கு இந்த வீடு" என்று சொல்லிவிட்டுப் போனாய். அது நியாயம்தான். உன் அண்ணன் இறந்ததோடு எனக்கு எஸ்டேட்டில் பேர் இல்லை, நான் டெம்ப்ரவரி. அதற்காகத்தானே என் பெண் காலேஜ் போகாமல் உன் பேரில் கூடை சுமந்தாள். அவள் செத்ததற்கு எஸ்டேட்டில் உன் பேருக்குத் துக்க லீவு கொடுத்தார்கள். அண்ணன் மகள் செத்ததற்கு அத்தைக்கு லீவு. அந்த லீவை நான் எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன்.

இப்போது விஷயம் என்னவென்றால், மாசி மாதம் கோயம்புத்தூரிலிருந்து மூச்சு அளக்க வந்தார்களே, ஒரு டாக்டரம்மாவும் சரிதா என்ற நர்சும், அவர்கள் மறுபடி வருகிறார்கள். அன்றைக்குக் குழாயில் ஊதினவர்கள் எல்லோரும் இன்னொரு தரம் ஊத வேண்டுமாம். மழைக்கு முன்னால் ஒரு தரம், மழைக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்தால்தான் ஆராய்ச்சிக்கு ஆகுமாம். மேஸ்திரி வந்து, "சுகுணா வரணும்னு எழுதியிருக்காங்க அக்கா" என்றார்.

"சுகுணா எங்கே இருக்கான்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டேன்.

"யாராச்சும் போய் ஊதிட்டு வாங்க. மூச்சுல என்ன உன் மூச்சு, என் மூச்சு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றைக்கு உன் பேரைக் கூப்பிட்டபோது எழுந்து போனவள் கலை. இப்போது யார் போவது? எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தால் மறந்து வெளியே போய் நிற்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு மனசு. நீ என்ன சொல்கிறாய்?

அம்சவேணி


திருப்பூர்
9.9.2024

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. விஜயன்தான் வாங்கி வைத்திருந்தான். "மாமி எழுதினதாம்மா? அவங்க எழுதி நான் பார்த்ததே இல்லையே" என்றான். நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

அண்ணி, தயவுசெய்து எதையும் சொல்லிவிடாதீர்கள். நீங்களே போய் ஊதிவிட்டு வாருங்கள். எனக்கு நாற்பத்தைந்து, உங்களுக்கு ஐம்பது. தலையில் துண்டைக் கட்டி, இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நின்றால் தோட்டத்தில் நமக்குள்ளேயே அடையாளம் தெரியாது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கா தெரியப் போகிறது? இருபத்திரண்டு வயசுப் பெண்ணையே நான் என்று நம்பினவர்கள்தானே.

உண்மையைச் சொன்னால் அவர்கள் ஆபீசில் சொல்வார்கள். ஆபீசில் என்னை நிறுத்துவார்கள். எனக்கு வர வேண்டிய சர்வீஸ் பணம் போகும். அதைக்கூட விடுங்கள், உங்களை அந்த வீட்டில் ஒரு வாரம் வைத்திருப்பார்களா? இந்த வயதில் மூட்டை முடிச்சோடு எங்கே போவீர்கள்? அதோடு நம் லைனில் நாம் மட்டுமா இப்படி? ஒருத்தி வாயைத் திறந்தால் எத்தனை அடுப்பு அணையும் என்று யோசியுங்கள்.

ஒரு நிமிட வேலை. ஊதிவிட்டு வந்துவிடுங்கள். கலை இருந்தால் அவளும் இதைத்தான் சொல்வாள்.

உங்கள் சுகுணா


தேவாலா
19.9.2024

சுகுணா,

கலை இருந்தால் என்ன சொல்வாள் என்று நீ எனக்குச் சொல்லாதே.

நேற்றுப் போனேன். நீ சொன்ன மாதிரியே துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். டிஸ்பென்சரி வராந்தாவில் பெஞ்சு போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். மழை சாரல் அடித்தது. டாக்டரம்மா சின்னப் பெண்தான், நம் விஜயனைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். ஊதுவதற்கு முன்னால் எதற்காக ஊதுகிறோம் என்று எல்லோருக்கும் விளக்கிச் சொன்னாள்.

"இந்த மெஷினுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. நல்ல மூச்சுன்னா இவ்வளவு இருக்கணும்னு அது சொல்லும். ஆனா அந்தக் கணக்கு வேற ஊர்ல, வேற மாதிரி வாழறவங்ககிட்ட எடுத்ததுங்க. மலையில ஏறி இறங்கி, மழையில நின்னு, மருந்து வாசத்துல வேலை செய்யற பொம்பளைங்ககிட்ட எடுத்தது இல்ல. அப்ப உங்களுக்கு அந்தக் கணக்கு சரியா வருமா, வராதான்னே எங்களுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்க மூச்சு வேணும்."

பக்கத்தில் இருந்த சின்னம்மை, "ஏனுங்க டாக்டரம்மா, கிழவிக்கும் கொமரிக்கும் ஒரே கணக்குங்களா? எங்கூட்டு மருமக ஊதினா கூரையே பறக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சரிதா நர்சு கூடலூர்ப் பக்கத்து மலையாளப் பெண். அவளும் சிரித்துவிட்டு, "இல்ல சேச்சி, அப்படி இல்ல. வயசும் உயரமும் போட்டாத்தான் மெஷின் பேசும். நாற்பத்தஞ்சு வயசுல நல்ல மூச்சுன்னு சொல்றது இருபது வயசுல சீக்கு மூச்சா இருக்கும். அதனாலதான் வயசைச் சரியாச் சொல்லணும்னு கேக்கறோம்" என்றாள்.

சுகுணா, எனக்கு அப்போதுதான் கலை ஊதின நாள் நினைவுக்கு வந்தது.

மாசி மாதம் அவளுக்கு ஏற்கெனவே இருமல் இருந்தது. ஊதிவிட்டு வந்து சாயங்காலம் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, எனக்கு மூச்சு நல்லா இருக்காம். அந்த நர்சு, 'நாற்பத்தி நாலு வயசா? தேயிலைய குடிக்காம அப்படியே மெல்றீங்களா, இப்படி இளமையா இருக்கீங்க'ன்னு கேட்டாங்க. நான் ஆமா சேச்சி, உப்புப் போட்டு மெல்றேன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. மெஷினே நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டதே என்று நானும் விட்டுவிட்டேன். சித்தரத்தை தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தேன். கூடலூருக்குப் பஸ் ஏறவில்லை. ஆடி மழையில் மூச்சுக்குத் தவித்து ஜீப்பில் அழைத்துக்கொண்டு ஓடினபோது பாதி வழியில் முடிந்துவிட்டது.

அந்த மெஷின் பொய் சொல்லவில்லை. நாம்தான் என் பெண்ணின் மூச்சை உன் வயதில் வைத்து அளந்தோம்.

நேற்று உன் பேரைக் கூப்பிட்டார்கள். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். விட்டுப்போனவர்களுக்காக இன்னொரு நாள் வருவார்களாம்.

அன்றைக்கு அவளை எழுந்து போகச் சொன்னது யார்? நீதானே போனில், "பேரைக் கூப்பிட்டு ஆள் இல்லைன்னா ஆபீசுக்குத் தெரிஞ்சிரும், போய் ஊதிட்டு வாடி" என்று சொன்னாய்?

அம்சவேணி


திருப்பூர்
26.9.2024

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து இப்போதுதான் முடிக்கிறேன்.

நான்தான் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் போனை வைத்ததும் உங்களிடம் கேட்டாளாமே, "போகட்டுமாம்மா?" என்று. நீங்கள் என்ன சொன்னீர்கள் அண்ணி? அவள் அன்றைக்கே எனக்கு எல்லாம் சொன்னாள். எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. அவள் போன இந்த இரண்டு மாதமும் நான் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது நீங்கள் என்னைச் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

அவள் உங்கள் மகள் மட்டும்தானா? எனக்குப் பெண் குழந்தை இல்லை. மேஸ்திரி என் பேரைக் கூப்பிடுவதை அவர் மாதிரியே இழுத்துப் பேசி, "சுகுணாஆஆ... எங்கே போனா இந்தப் பொம்பளை?" என்று வாய்ஸ் அனுப்புவாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது காதில் வைத்துக் கேட்டுத் தனியாகச் சிரிப்பேன். சூப்பர்வைசர் திட்டுவான். அதையெல்லாம் இப்போது கேட்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.

என் பேரில் அவள் வேலை செய்தாள். என் பேரில் ஊதினாள். சாவு மட்டும் அவள் பேரில் வந்தது. இதை நினைத்தால் எனக்கும்தான் தூக்கம் போகிறது. பொத்தானுக்குக் காஜா அடிக்கும்போது விரலில் ஊசி இறங்கிவிட்டது, அது தனிக் கதை.

ஆனாலும் கேட்கிறேன். சொல்லி என்ன ஆகப் போகிறது? அவள் திரும்பி வருவாளா? அவர்கள் ஆராய்ச்சிக்கு ஒரு மூச்சு குறைந்தால் குடியா முழுகிவிடும்? உங்களுக்கு வீடு போகும், எனக்கு வேலை போகும். அவ்வளவுதான் நடக்கும்.

நீங்கள் எப்படியும் நினைத்ததைத்தான் செய்வீர்கள். அண்ணனும் உங்களைப் பற்றி அப்படித்தான் சொல்லும்.

சுகுணா


தேவாலா
6.10.2024

சுகுணாவுக்கு,

ஆமாம், என்னிடம் கேட்டாள். "போயிட்டு சீக்கிரம் வா, கொழுந்து நிறுக்கிற நேரமாச்சு" என்றேன். நீ சொன்னதை நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை. உன்னைக் கேட்ட கேள்வியை இனிமேல் கேட்கவும் மாட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். நான் சொல்லிவிட்டேன்.

துண்டு கட்டாமல் போனேன். உன் பேரைக் கூப்பிட்டதும் உள்ளே போய் நின்று, "நான் சுகுணா இல்லீங்க. அன்னைக்கு வந்தவளும் சுகுணா இல்லீங்க. அவ என் மக. அவ செத்துட்டா" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் திரும்பி ஓடியிருப்பேன்.

வராந்தாவில் மேஸ்திரி நின்றிருந்தார். டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். என்னைத் திட்டவில்லை. உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டாள். சரிதா நர்சுக்கு நினைவு இருந்தது. "உப்புப் போட்டு மெல்றேன்னு சொன்ன அந்தச் சேச்சியா?" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் அந்தக் கம்ப்யூட்டரில் அவள் ஊதினதை எடுத்தார்கள். அது அழிந்து போகவில்லை சுகுணா. ஒரு கோடாக இருக்கிறது. சட்டென்று மேலே ஏறி, மெதுவாக இறங்கும் கோடு. நம் கலை ஊதின மூச்சு. டாக்டரம்மா வயசை மட்டும் மாற்றி இருபத்திரண்டு என்று போட்டாள். கோடு அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் பச்சையாக இருந்த எழுத்து சிவப்பாக மாறியது.

"என்னங்க அர்த்தம்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும், இருந்தும் கேட்டேன்.

"அன்னைக்கே இந்த வயசு தெரிஞ்சிருந்தா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பேங்க" என்றாள். "பிழைச்சிருப்பாங்களான்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியாது."

பொய்யாக ஆறுதல் சொல்லாததால் எனக்கு அவளைப் பிடித்தது.

பிறகு ஒன்று கேட்டாள். கலை வேறு பேரில் சம்மதம் கொடுத்ததால் அந்த மூச்சை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடலாமா, இல்லை சரியான வயசோடு வைத்துக்கொள்ளலாமா, பெற்றவள் நான்தான் சொல்ல வேண்டுமாம். நான் எது சொன்னாலும் அதன்படிதானாம்.

"வச்சுக்கிட்டா அவளுக்கு என்னங்க ஆகும்?" என்றேன்.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அடுத்து ஊத வர்ற பொண்ணுக்கு ஆகலாம். அதையும் நான் உறுதியாச் சொல்ல முடியாது."

நீ கேட்டாயே, ஒரு மூச்சு குறைந்தால் என்ன ஆகும் என்று. குறைந்தால் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் என் பெண்ணின் சீக்கு மூச்சு, நாற்பத்தி நாலு வயசுக்காரியின் நல்ல மூச்சு என்று அந்தக் கணக்குக்குள்ளே உட்கார்ந்திருந்தது சுகுணா. நாளைக்கு வேறு எவளோ இருமிக்கொண்டு போவாள். அவளிடமும் நல்லா இருக்கு என்று சொல்ல அதுவும் ஒரு காரணமாக ஆகியிருக்கும். என் பெண் அப்படி ஒரு பொய்யாக இருக்க வேண்டாம். வைத்துக்கொள்ளுங்கள், அவள் வயசோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் எத்தனை பேர் இப்படி வேறு பேரில் ஊதினார்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். "அது நான் சொல்லக் கூடாதுங்க. அவங்கவங்களா வந்து சொல்லணும். அவங்க பயம் போனாத்தான் வருவாங்க" என்றேன். ஆபீசுக்கு ஒரு பேரும் போகாது, அது தன் பொறுப்பு என்றாள். "என்னை மாதிரி டெம்ப்ரவரிய ஏங்க கூப்பிடலை? மருந்தடிக்கிற ஜார்க்கண்ட் பையனுக ஒருத்தன்கூட வரலையே?" என்றும் கேட்டேன். ஆபீசில் கொடுத்த நிரந்தரத் தொழிலாளர் லிஸ்டை வைத்துத்தான் கூப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

அவள் ஆபீசில் சொல்ல மாட்டாள் என்று நான் நம்புகிறேன். மேஸ்திரியை நம்ப முடியாது. நேற்று, "என்னக்கா, கதவைச் சாத்திக்கிட்டு அவ்வளவு நேரம் என்ன ஊதினீங்க?" என்றார். இன்று குழாயடியில் சின்னம்மை என்னைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மருமகளும் வேறு பேரில்தான் போகிறாள். எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நாய் குரைத்தால் ஆபீஸ் ஆள் வருகிறானோ என்று எழுந்து பார்க்கிறேன்.

உன் பேர் கெட்டால் என்னை மன்னித்துக்கொள். ஆனால் செய்ததற்கு வருத்தப்படவில்லை.

அண்ணி


திருப்பூர்
20.10.2024

அண்ணிக்கு,

மேஸ்திரி எனக்கே போன் செய்தார். விசாரணை வருவதற்குள் ஏதாவது செய்துகொள் என்றார். நல்லதுக்குச் சொன்னாரா, தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாரா தெரியவில்லை. அவரும்தானே இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நான் வேலையை விட்டுவிடுவதாக எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் நீக்கினால் கைக்கு ஒன்றும் வராது, நானே விட்டால் ஏதாவது வரும் என்று விஜயன் சொன்னான். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம்தான். நான் பிறந்து வளர்ந்த லைன் அது. எங்கள் அப்பா சிலோனை விட்டு, மண்டபம் முகாமிலிருந்து வந்து இறங்கிய முதல் இடம். இனிமேல் அங்கே எனக்குப் பேர் இல்லை. என்னைக் கேட்டு வரவில்லை இது. உங்களால் வந்தது.

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். இங்கே வந்துவிடுங்கள். இடம் சின்னது, வெயில் அதிகம், பக்கத்து ரூமில் எப்போதும் டி.வி. ஓடும். ஆனாலும் பாய் போட இடம் இருக்கிறது. நீங்களும் நானும் ஒரே அடுப்பில் எத்தனை நாள் சண்டை போடாமல் இருப்போம் என்பது வேறு விஷயம்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கலாமா என்று யோசித்தேன். கலை ஊதின அந்தக் கோட்டை எனக்கும் காட்டுவார்களா?

சுகுணா


தேவாலா
2.12.2024

சுகுணாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. மூட்டை கட்டுவதும், அவிழ்ப்பதுமாக இருந்தேன். உன் தையல் மெஷினை மட்டும் பஜாரில் பிரைட்டனுடைய கடையில் வைத்திருக்கிறேன், அவரைப் பஸ்சில் போட்டு அனுப்பச் சொல்.

நான் திருப்பூருக்கு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. பஜாருக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. ஓடு ஒழுகுகிறது, ஆனால் சுவர் கூரை வரைக்கும் போகிறது. சின்னத் தோட்டக்காரர் ஒருவரிடம் கொழுந்து கிள்ளுகிறேன். இரவில் இப்போதும் சரியாகத் தூங்குவதில்லை. அவள் இருமுகிற மாதிரி கேட்டு எழுந்துவிடுகிறேன்.

நான் இங்கேயே இருந்ததற்குக் காரணம் உண்டு. டாக்டரம்மா போன் செய்து, லிஸ்டில் இல்லாதவர்களையும் சேர்க்கப் போகிறோம், எங்கே எப்போது வைத்தால் வருவார்கள் என்று கேட்டாள். எஸ்டேட் டிஸ்பென்சரியில் வைத்தால் ஒருத்தரும் வர மாட்டார்கள், வேலை நாளில் வைத்தால் கூலி போகும், ஞாயிற்றுக்கிழமை பஜாரில் வையுங்கள், மேஸ்திரிகள் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்றேன். அப்படியே வைத்தார்கள். நேற்றுதான் நடந்தது.

நிறையப் பேர் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நாற்காலிகள் பாதி காலியாகத்தான் கிடந்தன. மருந்தடிக்கிற பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்கு இந்தியில் சொல்ல ஒரு ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். சாயங்காலம் கடையைக் கட்டுகிற நேரத்தில் சின்னம்மை மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பேசவில்லை. மருமகள் டாக்டரம்மாவின் காதருகே குனிந்து தன் சொந்தப் பேரைச் சொன்னாள். வயசையும் சொன்னாள். அவளைக் கூடலூருக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போவாளா என்று தெரியாது. நாளை நானே போய்க் கேட்கப் போகிறேன், கதவைச் சாத்தினாலும் சரி.

கலையின் மூச்சுக் கோட்டை உனக்குக் காட்டுவார்களா என்று கேட்டேன். அத்தை என்று சொல்லிக்கொண்டு வந்தால் காட்டுகிறேன் என்றாள் டாக்டரம்மா. தை மாதம் மறுபடி வருகிறார்கள். வா.

கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். பேர் அம்சவேணி, வயசு ஐம்பது, டெம்ப்ரவரி. மூக்கில் கிளிப்பைப் போட்டு, குழாயைக் கையில் கொடுத்தார்கள். முதல் தரம் ஊதினபோது பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இரண்டாம் தரமும் சரியாக வரவில்லை. மெஷின் ஏற்கவில்லை. "போதுங்க, எனக்கு வராது" என்று குழாயைக் கீழே வைக்கப் போனேன்.

சரிதா விடவில்லை. என் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்துகொண்டு, "நல்லா இழுத்துக்குங்க சேச்சி. ம், ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும் இருக்கு, உள்ள இன்னும் இருக்கு" என்று கத்தினாள். பஜாரில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இனிமேல் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

இருந்தது சுகுணா. இன்னும் இருந்தது.

அம்சவேணி